இடைவேளையில் மடக்கிய நாற்காலிகள்

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுத்துத் தனிக்குடித்தனம் நடத்துகிறது. காரணம் கீழே வரும். உன் முழங்கால் இப்போது மாடி ஏற விடுகிறதா, அத்தான் மாத்திரையை வாயில் போடுகிறாரா அல்லது வழக்கம்போல் சட்டைப் பையில் போட்டுத் துவைக்கக் கொடுத்துவிடுகிறாரா என்று எழுது. சிட்டுவின் சம்பந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன் அடித்தாய், தெரியும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சிரிப்பேன், அப்புறம் சொல்ல வந்தது அந்தரத்தில் நின்றுவிடும். காகிதம் சிரிக்காது.

முதலில் மானம் போன கதையைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நான் முதன்முதலில் கைகூப்பி, குடும்பப் பெருமை பேசி, பெண்ணின் குணநலன்களை விளக்கி, ஏறக்குறைய நிச்சயமே செய்துவிட இருந்தது தப்பான குடும்பத்தோடு. நடந்தது என்னவென்றால், பையனின் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். “வீட்டுக் கூடத்துல எதிரெதிரே உட்கார்ந்தா பரீட்சை எழுதற மாதிரி இருக்கும், ஒரு திராட்சைத் தோட்டத்துல சாயங்காலம் திறந்தவெளிக் கச்சேரி நடக்குது, ரெண்டு குடும்பமும் அங்கேயே சந்திச்சுக்கலாம்” என்று அந்த அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் போய்ச் சேர்ந்தோம். சிட்டு அவர்களைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். உன் தம்பி பெண்டாட்டி தலைமுடியைச் சரிசெய்ய எங்கோ போனாள். நான் மட்டும் வாசலில், இஸ்திரி மடிப்பு கலையாமல், காவல்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அப்போது தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடியோடு ஒரு பெரியவரும், தோளில் பட்டுச் சால்வையோடு ஓர் அம்மாளும் வந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சம்பந்தி என்று எந்தச் சட்டத்திலும் இல்லைதான், ஆனால் எனக்குப் பதற்றம். “வாங்க, வாங்க! உங்களப் பத்தி எங்க பொண்ணு நிறைய சொல்லியிருக்கா” என்று ஆரம்பித்துவிட்டேன். “அப்படியா, ரொம்ப சந்தோஷம்” என்றார் பெரியவர். அந்த ஒரு சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்டு நான், சிட்டு கண்ணாடிக் கடையில் எல்லாருக்கும் கண் சோதித்து நம்பர் எழுதிக் கொடுப்பது, கோபம் சட்டென்று வந்து பட்டென்று போய்விடுவது, சமையல் சுமார்தான் ஆனால் சாப்பிடுகிறவர்கள் இதுவரை எல்லோரும் உயிரோடு இருப்பது, சின்ன வயதில் சட்டைப் பித்தானை விழுங்கியது, அது மறுநாள் பத்திரமாகத் திரும்பி வந்தது, குளிர் காலத்தில் லேசாகக் குறட்டை விடுவது என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, “தம்பி எங்க, காணோமே?” என்று கேட்டேன். பெரியவர் மிகவும் அக்கறையாக என் தோளில் கை வைத்து, “எங்களுக்குப் பிள்ளைங்க இல்லைங்க. நான் பல் டாக்டர். உங்க பொண்ணு எந்தப் பல்லுக்காக என்கிட்ட வந்தாங்க?” என்றார்.

அதற்குள் உன் தம்பி பெண்டாட்டி வந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும், “இன்னும் கொஞ்ச நேரம் நான் வராம இருந்திருந்தா மாலையே மாத்திட்டு வந்திருப்பீங்க” என்றாள். பல் டாக்டரம்மா மட்டும் மிகவும் உருகிப்போய், “நல்ல எடமா அமையட்டும். எங்களுக்கும் சொல்லுங்க” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

நிஜச் சம்பந்திகள் உள்ளே இருந்தார்கள். டீச்சரம்மா கலகலப்பு. அவர் கணவர் நில அளவைக்காரர். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து அளந்து பேச்சையும் அளந்தே செலவழிக்கப் பழகிவிட்டார் போலும். “வணக்கம்” என்றார், அதோடு அன்றைய கணக்கில் பாதி தீர்ந்தது. பையனைப் பற்றி உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் உடம்பைப் படம் பிடிக்கிற பெரிய இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். கண்ணாடி உடைந்துவிட்டது என்று சிட்டுவின் கடைக்கு வந்தவன், மறுபடி உடைந்துவிட்டது என்று வந்து, அப்புறமும் உடைந்துவிட்டது என்று வந்து நின்றவன். அத்தனை பெரிய இயந்திரத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறவனுக்கு மூக்கின் மேலே இருக்கிற ஒன்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் அவனுக்குக் கடல் தாண்டி வேலை. கூடவே சிட்டுவும் போவாள். அதெல்லாம் முன்பே பேசியதுதான், நான் கல் மாதிரி இருந்தேன், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சிட்டு வரும் வழியில் வேனில் வைத்தே என்னிடம் ஒரே ஒரு வரம் கேட்டிருந்தாள். ஆமாம், நம் வேனில்தான் போனோம், பக்கவாட்டில் ‘பந்தல், நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்’ என்று ஆள் உயர எழுத்தோடு. “தூரமா நிறுத்துங்க” என்றாள் அம்மா, “எதுக்கு, கிட்டவே நிறுத்துங்கப்பா” என்றாள் பெண். வரம் அதுவல்ல. “அப்பா, இன்னைக்கு ஒருநாள் நீங்க விருந்தாளி. சும்மா உட்காருங்க. எதையும் நகர்த்தாதீங்க, எதையும் எண்ணாதீங்க.” என்ன நியாயமான வேண்டுகோள் பார். ஆனால் உனக்கே தெரியும், நாற்காலிக்காரன் உட்கார்ந்து யாராவது பார்த்ததுண்டா? உன் பேரன் பிறந்தநாளுக்கு வந்தபோது நான் கேக் வெட்டும் நேரத்தில் பின்வரிசையில் ஒரு நாற்காலியின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்ததை நீ இன்னும் சொல்லிக் காட்டுகிறாய். ஊரில் நடக்கிற எல்லா நல்லது கெட்டதிலும் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டிருக்கிற ஆள் நான்தான். “சரிம்மா” என்றேன்.

இடம் என்றால் இடம், அக்கா. மலைச்சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, கொடியைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிற மாதிரி அதன்மேல் படர விட்டிருக்கிறார்கள். பழக்குலைகளுக்குப் பறவை கொத்தாமல் வலை. கீழே சரிவு முடிகிற இடத்தில் புல்தரை, புல்தரை முடிகிற இடத்தில் மரப்பலகை மேடை, மேடைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பள்ளத்தாக்கும் அதற்கு மேல் ஆகாயமும்தான். பந்தல் கிடையாது! ஒரு தார்ப்பாய்கூடக் கிடையாது. மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று உன் தம்பி பெண்டாட்டியிடம் கேட்டேன். “நனைவாங்க” என்றாள். நாற்காலிகள் எல்லாம் மர மடக்கு நாற்காலி, உட்காருமிடத்தில் பட்டை பட்டையாகச் சட்டம், கீலில் எண்ணெய் போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். நம்முடைய பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று சும்மா ஏறிக்கொள்ளும். இவை மடக்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் தரும், அதைக் கேட்டாலே கைக்கு ஓர் ஆசை வரும். ஆனால் வரிசைதான் கோணல். ஆளுக்கு ஒரு திசையில், மேடையைப் பார்த்துப் பாதி, மலையைப் பார்த்துப் பாதி. நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரிசையில் நான், பக்கத்தில் நில அளவைக்காரர், அப்புறம் பெண்கள் இருவர், கடைசியில் பிள்ளைகள். ஆரம்பிக்கும் முன் டீச்சரம்மா குனிந்து, “முதல்ல நிம்மதியா பாட்டைக் கேப்போம். பேச வேண்டியத ரெண்டாவது பாதி முடிஞ்சதும் பேசிடுவோம், என்ன சொல்றீங்க?” என்றார்கள். “அதுதான் சரி” என்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு பாடகி, கிதார் ஒருவர், மடியில் வைத்து இழுத்து மூடுகிற துருத்திப் பெட்டி ஒருவர், ஆள் உயரப் பிடிலை அணைத்துக்கொண்டு நின்றவர் ஒருவர். அந்தப் பிடில்காரரைப் பார்த்தால் அலமாரியை மாடிக்கு ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நிற்பவர் மாதிரியே இருந்தார். ஆனால் அதிலிருந்து வந்த சத்தம் காதில் கேட்கவில்லை, நாற்காலிச் சட்டம் வழியாக ஏறி முதுகுத்தண்டில் கேட்டது. எனக்குச் சங்கீதம் தெரியாது என்று உனக்குத் தெரியும். நான் கேட்ட கச்சேரியெல்லாம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று கேட்டது. இங்கே ஜெனரேட்டரே இல்லை. பாடகி ஒரு வரியை விட்டால் அது நேராகப் போய்க் கொடிகளுக்கு நடுவில் எங்கோ நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. வெயில் சாய்ந்து, இலைகளுக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் வந்து, ஒவ்வொரு இலையிலும் நரம்பு தெரிந்தது. பக்கத்துக் கொட்டகையில் இருந்து பழம் புளிக்கிற வாசனை. ஒரு பாட்டில் வார்த்தையே கிடையாது, சும்மா ஒரு முனகல்தான், அது முடிந்தபோது யாரும் உடனே கைதட்டவில்லை. நான்கூட எதையும் எண்ணவில்லை, அக்கா. கை தானாகத் தொடைக்கு அடியில் இருந்து வெளியே வந்து மடியில் கிடந்தது. உட்காருவது என்றால் இதுதானா என்று நினைத்தேன். எல்லோரும் இத்தனை வருஷமாக இதைத்தான் நம் நாற்காலியில் செய்துகொண்டிருந்தார்களா!

நடுநடுவே பையனையும் கவனித்தேன், அது என் கடமை. ஏதாவது குறை கிடைக்குமா என்று நன்றாகவே தேடினேன். காற்று குளிர்ந்ததும் தன் மேல்சட்டையைக் கழற்றி சிட்டுவின் தோளில் போட்டான். சரி, இதை எல்லாப் பையன்களும் செய்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து, நெளிந்துகொண்டிருந்த தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தான். சரி, இதையும் செய்வார்கள். பாட்டுக்குத் தாளம் போட்டான், தப்பாகப் போட்டான். அப்பாடா என்று இருந்தது. உடனே சிட்டு அவன் கையைப் பிடித்து நிறுத்தி, சரியான தாளத்தை அவன் உள்ளங்கையில் தட்டிக் காட்டினாள். அவன் சிரித்தான், அவள் சிரித்தாள், எனக்குக் கிடைத்த ஒரே குறையும் போயிற்று.

இனிமேல்தான் விஷயம். ஒரு பாட்டு முடிந்தது, பலத்த கைதட்டல், எல்லோரும் எழுந்தார்கள். ஏதோ அறிவிப்பு செய்தார்கள் போலிருக்கிறது. கைதட்டலில் என் காதில் சரியாக விழவில்லை. பாடுகிறவர்கள் மேடையை விட்டு இறங்கிப் போனார்கள். ஜனம் மொத்தமும் கொட்டகைப் பக்கம் நகர்ந்தது, அங்கே திராட்சை ரசம் ஊற்றித் தருகிறார்கள் என்று. உன் தம்பி பெண்டாட்டி போகிறபோக்கில், “நீங்க வெறும் சாறு குடிச்சா போதும், தெரியுதா?” என்று சொல்லிவிட்டு டீச்சரம்மாவோடு நடந்தாள். பிள்ளைகளும் போனார்கள். புல்தரையில் நானும் காலி நாற்காலிகளும். நிகழ்ச்சி முடிந்து ஜனம் எழுந்ததும் என் கை என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது, என் கைக்குத்தான் தெரியும். முதல் நாற்காலியை மடக்கினேன். டப். அடுத்தது. டப். ஒரு வரிசை முடிந்து அடுக்கு இடுப்பு உயரம் வந்ததும் இரண்டாவது வரிசைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால், நில அளவைக்காரர் போகவே இல்லை, சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு எதிர் முனையிலிருந்து மடக்கிக்கொண்டு வருகிறார்! ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் வேலை செய்யும்போது தான் நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். அவர் வைத்த அடுக்கு நூல் பிடித்த மாதிரி இருந்தது. “ஜோர்” என்றேன். “உம்” என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று.

அங்கேதான் பல் டாக்டர் தம்பதி கையில் கோப்பையோடு திரும்பி வந்தார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் நாற்காலி மடக்குவதைப் பார்த்ததும், “ஓ, நாமளேதான் எடுத்து வைக்கணுமா? நல்ல பழக்கம்” என்று அவரும் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து நாலு பேர், அந்த நாலு பேரைப் பார்த்து இன்னும் பலர். நல்ல குடும்பத்து ஜனங்கள், அக்கா, ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பாட்டி வயது அம்மாள் தான் உட்கார்ந்திருந்ததைத் தானே மடக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்து, “இது எங்க வைக்கணும், சார்?” என்றார்கள். நானும், “அந்த ஓரத்து அடுக்குலம்மா, பாத்து, விரல் மாட்டிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் புல்தரை துடைத்து விட்ட தட்டு மாதிரி ஆயிற்று. என் தொழிலில் இவ்வளவு சுத்தமாக ஓர் இடத்தை நான் காலி செய்ததில்லை.

அப்போது பாடுகிறவர்கள் திரும்பி வந்து மேடையேறினார்கள். பாடகி ஒலிவாங்கியின் முன் வந்து நின்று, எதிரே இருந்த வெறும் புல்லையும், ஓரத்தில் அழகழகாக எழுந்து நின்ற நாற்காலிக் கோபுரங்களையும், பக்கத்தில் கை தட்டித் தூசி உதறிக்கொண்டிருந்த எங்களையும் பார்த்தாள். ஆள் உயரப் பிடில்காரர் பிடிலையே கொஞ்சம் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா! என்ன பண்றீங்க?”

“அடுக்கறேம்மா.”

“ஏம்ப்பா?”

“முடிஞ்சிடுச்சு இல்ல?”

“இடைவேளைப்பா! இடைவேளை!”

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கோபம் வரப்போகிறதா, அழப்போகிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் பையன், அவனுக்குப் பின்னால் டீச்சரம்மா, அவர்களுக்குப் பின்னால் உன் தம்பி பெண்டாட்டி, அவள் முகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத இடம் போதாது. சரி, சம்பந்தம் போயிற்று, பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்று அடுக்கின் மேலிருந்த நாற்காலியை மறுபடி விரிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து நில அளவைக்காரர் தொண்டையைச் செருமினார். “நானும்தான் அடுக்கினேன்” என்றார். டீச்சரம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். “நீங்களா? வீட்டுல ஒரு தம்ளரை எடுத்து வெச்சதுண்டா?” என்றார்கள். அவ்வளவுதான், சிட்டுவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. மேடையில் இருந்து பாடகி, “பரவாயில்லைங்க, புல்லு மெத்துனுதான் இருக்கு. எல்லாரும் கிட்ட வந்து தரையில உட்காருங்க” என்றாள்.

இரண்டாம் பாதியை எல்லோரும் புல்லில் உட்கார்ந்துதான் கேட்டோம், மேடை விளிம்பு வரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு. என் இடுப்பு கெட்டது அங்கேதான். சிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். மலைக்குப் பின்னால் ஆகாயம் திராட்சை நிறத்துக்கு வந்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும், எல்லோரும் சொன்னார்கள். முடிந்ததும் டீச்சரம்மா, “எங்க வீட்டுக்காரர் ஒரு மனுஷரோட சேர்ந்து ஒரு வேலை செஞ்சு நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். இதுக்கு மேல பேச என்ன இருக்கு? எங்களுக்குப் பூரண சம்மதம், உங்களுக்கு?” என்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். “எங்களுக்கும்தான்” என்றேன், சிரித்துக்கொண்டே, உடனே, கொஞ்சமும் தயங்காமல். பல் டாக்டரம்மா தூரத்திலிருந்து கையாட்டி ‘முடிவாச்சா?’ என்று சைகையில் கேட்டார்கள், நானும் தலையாட்டினேன், அவர்கள் கைதட்டினார்கள். தோட்டத்து முதலாளி தேடிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து, அவருடைய ஆட்களுக்குப் பாதி ராத்திரி பிடிக்கிற வேலை இது, அடுத்த கச்சேரிக்கும் அவசியம் வரவேண்டும் என்று அழைத்தார். ஆக மொத்தம் எல்லாம் சுபம். எனக்கு மனசில் ஒரு துளி வருத்தமும் இல்லை, உன் தம்பி பெண்டாட்டிதான் வேனில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள், பெண்கள் அப்படித்தான்.

தேதி முடிவானதும் எழுதுகிறேன். நீயும் அத்தானும் முன்னதாகவே வந்து தங்க வேண்டும். பிள்ளைகள் இருவரையும் நீ அங்கிருந்தே வாழ்த்து, உன் வாழ்த்துக்கு எவ்வளவு தூரமும் ஒரு பொருட்டில்லை. அத்தானுக்கு என் வணக்கம், பேரனுக்கு முத்தம், உன் முழங்காலுக்கு என் இடுப்பின் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: மேலே உள்ளதை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. இதை மட்டும் நீ படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள். வேனில் வரும்போது சிட்டு கேட்டாள்: “அப்பா, நெஜமாவே முடிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சீங்களா?” “ஆமாம்மா, கைப்பழக்கம்” என்றேன். நம்பிவிட்டாள். அக்கா, நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். “சின்ன இடைவேளை, யாரும் போயிடாதீங்க” என்று அந்தப் பாடகி தெளிவாகத்தான் சொன்னாள், எனக்கு நன்றாகவே கேட்டது. இரண்டாவது பாதி முடிந்ததும் பேசுவோம் என்றுதானே டீச்சரம்மா சொல்லியிருந்தார்கள்? நாற்காலியை எல்லாம் மடக்கி அடுக்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட நிகழ்ச்சியும் அதோடு முடிந்துவிடும், என் தொழிலில் நான் பார்த்தது அதுதான். எல்லோரும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், சிட்டுவும் எங்களோடு வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.